தலைப்பு இல்லாமல் வந்த படம்

எங்கள் செய்தி அலுவலகத்தில் படம் தேடுவது இப்போது மெஷினின் வேலை. எங்கிருந்தோ ஒரு தலைப்பு வந்து விழுந்ததும், அதற்கேற்ற படத்தை இணையத்தில் பொறுக்கிச் சுவர்த்திரையில் போட்டுவிடும். சரிபார்ப்பது நான்.

எந்த ஊரில் தீப்பிடித்தாலும் அது ஒரே படத்தைத்தான் போட்டது. எங்கள் வீட்டுப் பின்பக்க மாடிப்படி, அதன் அடியில் கம்பிக் கதவு, கதவில் பூட்டு. பக்கத்தில் நிற்கும் மூன்று சக்கர சைக்கிள் என் மகளுடையது. தீப்பிடித்தால் தப்பிக்க அதுதான் வழி, அந்தப் பூட்டை எடுங்கள் என்று வீட்டு உரிமையாளரிடம் ஆறு மாதமாகத் தொண்டை கிழியக் கத்துகிறேன். அங்கே யாரும் படம் எடுத்ததில்லை.

எடிட்டரிடம் மூன்று முறை சொன்னேன்.

"ஏதோ ஒரு படிக்கட்டு. அதுக்குப் போய் ஏம்மா இந்தக் குதி குதிக்கிற?"

இன்று மதியம் படம் மட்டும் வந்தது. தலைப்பு இல்லை. சைக்கிளில் இன்று காலை நான் கட்டிவிட்ட பச்சை நாடா தொங்கியது.

கணவருக்கு போன் செய்தேன். "சுத்தியல எடுத்து அந்தப் பூட்ட உடைங்க."

"வீட்டுக்காரர் கத்துவாரே."

"கத்தட்டும். உடைங்க."

நான்காவது அடியில் பூட்டு கீழே விழும் சத்தம் போனில் கேட்டது. திரையில் படம் மாறியது. வேறொரு மாடிப்படி, வேறொரு பூட்டு, படியில் ஒரு பள்ளிக்கூடப் பை.

எடிட்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். "அது என் பையனோட பை."

"ஏதோ ஒரு படிக்கட்டு சார்," என்று சொல்லி, போனை அவர் கையில் திணித்தேன். "தலைப்பு இன்னும் வரல. சீக்கிரம் பேசுங்க."