பூட்டு போட்ட பிறகு

மொஞ்சியா டீச்சர் ஈரத் தலையோடு நேராக ரஃபீகாவின் மேசை முன்னால் வந்து நின்றாள்.

"உன் வனாஸா என் கோட்டுப் பைக்குள்ள கையை விட்டுட்டு உக்காந்திருந்தா. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பத்துப் பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஸ்ஃபாக்ஸ் நகரத்துப் பழைய சந்தைக்குள் ரஃபீகாவின் ஹம்மாமுக்கு நல்ல பெயர். பெண்களுக்கு மட்டுமான நீராவிக் குளியல் கூடம். அவர்கள் வியர்க்க உட்கார்ந்து, தேய்த்துக் குளித்து வெளியே வர இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை கழற்றிவைத்த துணிமணிகளுக்கு வனாஸாதான் காவல். பத்தொன்பது வருஷமாக.

சோப்பை மறந்துவிட்ட டீச்சர் பாதியில் எழுந்து வந்திருக்கிறாள். அவளைப் பார்த்ததும் வனாஸா மடியிலிருந்த கோட்டை அவசரமாகச் சுருட்டி வைத்தாளாம்.

ஏதாவது காணவில்லையா என்று ரஃபீகா கேட்டாள்.

"போகல. நான் வந்ததால போகல."

ரஃபீகா வனாஸாவைக் கூப்பிட்டு விசாரித்தாள். "நான் எதையும் எடுக்கலம்மா" என்றாள் அவள். அப்படியானால் பைக்குள் கைக்கு என்ன வேலை என்றதற்கு, கூடத்தில் இருந்தவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலைகுனிந்துகொண்டாள்.

அது போதாதா? ஒரே வாரத்தில் பேச்சு ஊர் சுற்றிவிட்டது. ஒருத்தி, தான் மடித்துவைத்தது ஒரு மாதிரி, திரும்ப எடுத்தது வேறு மாதிரி என்றாள். இன்னொருத்திக்கு ஐந்து வருஷத்துக்கு முன் தொலைந்த கைக்குட்டை திடீரென்று ஞாபகம் வந்தது.

வேறு வழியில்லாமல் ரஃபீகா லாக்கருக்குச் சொல்லிவிட்டாள்.

அவள் மாமியார் நடத்திய காலத்தில் பூட்டாவது, பெட்டியாவது. துணிகளை ஒரு துண்டில் மூட்டையாகக் கட்டிப் பலகைமேல் வைத்துவிட்டுப் போவார்கள். முடிச்சைப் பார்த்தே இது இன்னாருடையது என்று எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் இருந்தாள். ரஃபீகா கல்யாணமாகி வந்த வருஷம் சுவரோரமாக மர அலமாரிகள் வந்தன. கதவு கிடையாது, திரைச்சீலை மட்டும். இப்போது நாற்பது இரும்பு லாக்கர்கள், நாற்பது சாவிகள். சாவியை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டே குளிக்கலாம், ரப்பர் வளையம் உண்டு.

லாக்கர் வந்து இறங்கிய அன்று வனாஸா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மாத்துச் சாவி எங்கிட்ட இருக்குமாம்மா?"

"அக்கா, அது இருக்கக் கூடாதுன்னுதானே இதையே வாங்கினேன்."

வனாஸா தலையாட்டிவிட்டுத் துண்டு மடிக்கப் போய்விட்டாள். அதைக் கேள்விப்பட்டு, சாவி கேட்கிற நெஞ்சழுத்தத்தைப் பார் என்று டீச்சர் தெரு முழுக்கச் சொன்னாள். ரஃபீகாவுக்கும் மனசு கசந்துபோயிற்று. பெருநாள் முடியட்டும், நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டாள்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. புதுப் புகார்கள் வர ஆரம்பித்தன.

ரொட்டிக் கடைக்காரியின் பாவாடை விளிம்பு பிரிந்து தொங்கியது. கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண் ஒருத்தியின் மேல்சட்டையில் கொக்கி காணோம். இன்னொருத்தியின் வீட்டுச் சாவி பை ஓட்டை வழியாக எங்கேயோ விழுந்து, புருஷன் வரும்வரை அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாளாம். எல்லோரும் சொன்னது ஒன்றேதான்: லாக்கர் துணியைக் கடிக்கிறது.

ரஃபீகா விற்றவனைக் கூப்பிட்டுக் கத்தினாள். அவன் விடிகாலையில் வந்து நாற்பது பெட்டிக்குள்ளும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். ஒரு பிசிறு இல்லை. குழந்தையைப் படுக்க வைக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

கடைசியில் டீச்சரே வந்தாள், கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. ஆறு பட்டனில் இரண்டைக் காணோம்.

"பதினோரு வருஷக் கோட்டு. இவ்வளவு நாளா ஒரு பட்டன் ஆடினதில்ல. உன் லாக்கர்ல வெச்சேன், போச்சு. நஷ்டத்தை நீதான் குடுக்கணும்."

ரஃபீகா கோட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். மிச்சம் இருந்த நாலு பட்டனும் கல் மாதிரி உறுதியாக இருந்தன. கறுப்புக் கோட்டு. ஆனால் பட்டனுக்கு அடியில் இருந்தது கருநீல நூல். குளியல் துண்டுகளின் ஓரம் தைக்க அவளே வாங்கிப் போடுகிற நூல். மாதம் இரண்டு நூல்கண்டு எப்படித் தீர்கிறது என்று அவள் யோசித்ததே இல்லை.

வலது பைக்குள் கையை விட்டாள். உள் துணியில் விரல் நீளத்துக்குப் பொடிப் பொடியாகத் தையல். அதுவும் நீலம். எழுந்துபோய் ஆணியில் தொங்கிய தன் சொந்தக் கோட்டைப் புரட்டினாள். கைமடிப்பில் அதே நீலம்.

டீச்சரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மூலையில் வனாஸா துண்டுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். ரஃபீகா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

வனாஸா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எப்படிம்மா சொல்றது? அன்னைக்குப் பத்துப் பேர் உக்காந்திருந்தாங்க. அத்தனை பேர் முன்னால, டீச்சர் கோட்டு ஓட்டைக் கோட்டுன்னா சொல்லச் சொல்ற?"

இன்றைக்கும் கூடத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். டீச்சர் மெல்ல நடந்து வந்து, கோட்டை வனாஸாவின் மடியில் வைத்தாள். பிறகு வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"வனாஸாக்கா, இடது பையும் ஓட்டை."