மிதிபலகை

"மடி, அடுக்கு, உலர்த்து, என்ன வேணா செய். மிதிபலகையில மட்டும் காலை வைக்காதே" என்று அக்கா சொன்னதும் கல்யாணப் பெண்ணுக்கு முகம் சுண்டிவிட்டது.

அச்சாகிக்கொண்டிருந்தது தங்கையான அவளுடைய கல்யாணப் பத்திரிகை. அப்பாவின் பழைய அச்சு மிஷின். காலால் மிதித்தால் சக்கரம் சுற்றும். தாளைத் தாங்கிய தட்டு எழுத்துகளின் மேல் அழுந்திவிட்டுத் திறக்கும். முந்நூறு பத்திரிகையும் வீட்டார் கையாலேயே ஆக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அவர் மிதித்தார். அக்கா தாள் கொடுத்தாள். அம்மா கொடியில் உலர்த்தினாள்.

அக்காவின் வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் உண்டு. மற்ற மூன்றையும் இதே மிஷின் எடுத்துக்கொண்டது. அப்போது அவளுக்குப் பதினாலு வயது, தங்கைக்கு நாலு. யாராவது கேட்டால் அக்காவே சிரித்துக்கொண்டு சொல்வாள்: "தூங்கி வழிஞ்சுக்கிட்டே தாள் கொடுத்தேன். மிஷின் தாளோட சேர்த்து விரலையும் கேட்டுச்சு."

அன்றைக்கு மாப்பிள்ளையும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். ஈரப் பத்திரிகையைத் தொடப் போனவரிடம் அம்மா, "பார்த்து மாப்பிள்ளை, உங்க கைரேகையும் சேர்ந்து ஊருக்குப் போயிடும்" என்றாள்.

கல்யாணப் பெண்ணே மிதித்து அடிக்கிற மாதிரி ஒரு படம் எடுக்கலாமே என்று அவர் போனை எடுத்தார். அப்பா அக்காவைப் பார்த்தார். அக்கா தலை நிமிராமல் முடியாது என்றாள். ஒரே ஒரு தாளுக்குத்தானே அண்ணி என்று மாப்பிள்ளை கெஞ்சியும் பலன் இல்லை. பக்கத்தில் நிற்கவைத்து எடுங்கள், கால் வைக்கக் கூடாது என்றாள்.

மாப்பிள்ளை போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அதுதான் தங்கைக்குத் தாங்கவில்லை. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். தெருப் பிள்ளைகள்கூட ஆசைக்கு ஒரு மிதி மிதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இவள் நெருங்கினால் மட்டும் அக்கா விரட்டுவாள்.

அப்பா தண்ணீர் குடிக்கப் போனார். மிஷின் நின்றது. ஏதோ ஒரு எழுத்தில் மை அப்பியிருக்கிறது என்று, திறந்திருந்த தட்டுக்குள் கையை விட்டு அக்கா துடைக்க ஆரம்பித்தாள்.

"கவனமில்லாம கையை விட்டது நீ" என்றாள் தங்கை. "அதுக்கு என் காலை எதுக்குக் கட்டிப்போடறே?"

அக்கா துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"உனக்குத்தான் ஒரு பத்திரிகை அடிக்கக் கொடுத்துவைக்கலை. என்னோடதையாவது நான் அடிச்சுக்கறேனே. எல்லாம் வயித்தெரிச்சல்."

என்ன பேச்சு இது என்று மாப்பிள்ளை அதட்டி முடிப்பதற்குள் அவள் பலகையில் ஏறிவிட்டாள்.

சக்கரம் அசைந்தது.

அம்மா கையிலிருந்த தாள்களைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து, சக்கரத்தை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். தட்டு விரல்கடை இடைவெளியில் நின்றது. அக்காவின் கை இன்னும் உள்ளேயே இருந்தது.

"இறங்குடி" என்றாள் அம்மா. மூச்சு வாங்கியது. "இப்படித்தான் மை துடைச்சுக்கிட்டு இருந்தா அன்னிக்கும். நாலு வயசுல நீ ஏறிக் குதிச்சு நசுக்கினது போதாதா?"

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அம்மாவுக்கே உறைத்தது. கையில் சொம்போடு அப்பா நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். மாப்பிள்ளை ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

தங்கை இறங்கினாள்.

"தூங்கிட்டேன்னுதானே சொல்லுவே" என்றாள்.

அக்கா மெல்லக் கையை வெளியே எடுத்தாள். மைத் துணியை ஓரமாக வைத்தாள். இத்தனை வருஷம் கட்டிக் காத்ததை ஒரு நொடியில் போட்டு உடைத்துவிட்டாயே என்பதுபோல் அம்மாவைப் பார்த்தாள். பிறகு தங்கையின் தோளில் அந்த இரண்டு விரலையும் வைத்தாள்.

"மிச்ச விரலும் போயிடும்னு உன்னை விரட்டலைடி. மிதிச்சா உனக்கு அது ஞாபகம் வந்துடுமோன்னுதான் பயந்தேன்."