பாதிப் பாட்டு

புதன்கிழமை மாலை ஏழு மணி. வெராகுரூஸ் நகரச் சதுக்கத்தில் தன்ஸோன் என்னும் ஜோடி நடனத்துக்கான பாட்டு. பாட்டின் நடுவே ஜோடிகள் எல்லாம் நின்று விசிறிக்கொள்ளும் இடம் வருவதற்குள், எலியோடோரோ ஆட்டத்தை நிறுத்தி, மனைவி பெர்னார்தாவுடன் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"என்ன கிழவா, நிக்கிற இடம் வர்ற வரைக்கும்கூடத் தாங்கலையா?" என்று சீண்டினார் பக்கத்து ஜோடியில் ஆடிய கசிமிரோ. "இதயத்துல ரத்தக்குழாய் சுருங்கிடுச்சாமே. பைபாஸ் பண்ணித் தொலையேன்!"

"மாத்திரை போதும்டா. நெஞ்சைப் பிளக்கிறதெல்லாம் வேணாம்."

கசிமிரோ சிரித்துக்கொண்டே நகர்ந்ததும், எலியோடோரோ சட்டைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்து மனைவியின் நாக்குக்கு அடியில் வைத்தார். அவளுடைய நெஞ்சுவலி மெல்ல அடங்கியது.

"ஊரே உனக்குத்தான் நோவுன்னு நினைக்குது. நீயும் கேலியை வாங்கிக்கிறே," என்றாள். "எனக்கு உங்கூட ஒரு முழுப் பாட்டு ஆடணும்யா. ஆபரேஷனுக்குச் சரின்னு சொல்லிடட்டுமா?"