கழுத்தைத் திருப்பக் கூடாது

கால்கள் மேலே போனதும் அறை முழுவதும் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது போலிருந்தது.

மின்விசிறிக்குப் பக்கத்தில் இரண்டு பாதங்கள் மிதந்தன. தன்னுடையவைதான் என்று நம்ப அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

தோள்களுக்குக் கீழே நாலாக மடித்த மூன்று கம்பளிகள். தலை மட்டும் கம்பளிக்கு வெளியே, தரையில். முழங்கைகளை ஊன்றி, உள்ளங்கைகளால் முதுகைத் தாங்கியிருந்தாள்.

ஐம்பத்திரண்டு வயதில் முதல் சர்வாங்காசனம்.

"கழுத்துல கனம் விழுந்தா உடனே சொல்லணும். இறங்கும்போது முதுகை ஒவ்வொரு எலும்பா தரையில வைக்கணும். பக்கத்துல கூரையே இடிஞ்சு விழுந்தாலும் தலையைத் திருப்பக் கூடாது" என்று டீச்சர் முதலிலேயே எச்சரித்திருந்தாள். டீச்சர் முன்பு போக்குவரத்துப் போலீசில் இருந்தவள். கையில் விசில் இல்லாததுதான் குறை.

இவளுக்குப் பல் டாக்டரின் வரவேற்பு மேஜையில் பத்தொன்பது வருடம். டெலிபோனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிப் பேசியே கழுத்து கோணிப்போய்விட்டது. அதற்காகத்தான் யோகா என்று வீட்டில் சொல்லியிருந்தாள்.

புருஷன் நம்பவில்லை. "கழுத்து வலிக்கு நாலு தெரு தள்ளியே வகுப்பு இருக்கு. நீ ரெண்டு பஸ் மாறிப் போறே" என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மகள் இந்த வகுப்புக்குத்தான் வருகிறாளாம். பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்த ஒருத்தி, வாய் நிறையப் பஞ்சோடு உளறிய தகவல்.

பதினான்கு மாதங்களுக்கு முன்னால், யாரிடமும் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வாசலில் வந்து நின்ற மகளிடம் அவள் சொன்னது ஒரே வாக்கியம். இனிமேல் என் முகத்தில் முழிக்காதே.

சின்ன வயதிலிருந்து எந்தப் பேச்சையும் கேட்காத மகள், அந்த ஒரு பேச்சை மட்டும் அட்சரம் பிசகாமல் கேட்டாள்.

ஒன்பது நாளாக வகுப்பில் இவள் கதவுக்குப் பக்கத்திலேயே பாயை விரித்தாள். மகள் வரவில்லை. வெளியே அம்மாவின் செருப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறாளோ என்று நேற்றுதான் உறைத்தது. இன்றும் வராவிட்டால் நாளையிலிருந்து தானும் வருவதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தாள்.

இப்போது, கால்கள் இரண்டும் அந்தரத்தில் இருக்கும்போது, கதவு திறந்தது.

ஒரு செருப்பு கழன்று விழுந்தது. சற்று இடைவெளி. பிறகு இன்னொன்று.

ஒற்றைச் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போகலாமா வேண்டாமா என்று யோசித்து நிற்கும் பழக்கம் உலகத்தில் ஒருத்திக்குத்தான் உண்டு.

கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்து நிறுத்தினாள்.

காலடிகள் நெருங்கின. ஆனால் நடை வேறாக இருந்தது. மகள் நடந்தால் இரண்டு படியை ஒன்றாகத் தாண்டுவது போலிருக்கும். இது நிதானமாக, தரையை அளந்து அளந்து வைக்கிற நடை.

மகள் இல்லை. வேறு யாரோ.

அந்த நினைப்பில் இடுப்பு ஆடியது. முழங்கை வழுக்கியது. கூரையில் பாதங்கள் தடுமாறின. உடம்பின் கனம் தோளை விட்டுக் கழுத்தை நோக்கி இறங்கியது.

இரண்டு கைகள் கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டன.

ஆட்டம் நின்றது. கனம் மறுபடி தோள்களுக்கே போனது. நல்லவேளை, டீச்சர் வந்துவிட்டாள் என்று கண்ணை மூடிக்கொண்டாள். காதுக்குள் ரத்தம் எங்கோ தூரத்து மழை போல் பெய்துகொண்டிருந்தது. உடம்பு கொடியில் காயப்போட்ட துணியாக லேசாகிவிட்டது. இப்படியே யாராவது பிடித்துக்கொண்டிருந்தால் தூங்கிக்கூடப் போகலாம்.

"பிளம்பர் சார், முட்டியைப் பாருங்க. உங்க பைப்பு மாதிரியே வளையுது."

டீச்சரின் குரல். ஜன்னல் பக்கத்திலிருந்து. அறையின் அந்தக் கோடியிலிருந்து.

அவள் கண்ணைத் திறந்தாள்.

தன் உடம்பே திரையாக நடுவில் நின்றது. முதுகுப் பக்கம் நிற்பவளின் முகம் தெரியவில்லை. கணுக்கால்களைச் சுற்றி விரல்கள் மட்டும். சில்லென்ற விரல்கள். எந்த வெயிலிலும் சூடேறாத விரல்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பின்னாலிருந்து அம்மாவின் பிடரியில் வைத்து, திடுக்கிட்டு அலற வைக்கும் விரல்கள்.

முகத்தைக் காட்டாமல் நிற்கிறாள், பாவி.

பேச வாயெடுத்தாள். பதினான்கு மாதமாக ஒத்திகை பார்த்த வசனங்களில் ஒன்றுகூட இந்தக் கோலத்தில் வெளியே வரவில்லை.

டீச்சர் இந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

"யாரும்மா அது, கதவுகிட்ட? உங்களை ஓரமா நாற்காலியில உக்காந்து மூச்சுப் பயிற்சி மட்டும்தானே பண்ணச் சொன்னேன்? இப்ப எத்தனை மாசம்?"

விரல்கள் கணுக்கால்களை இன்னும் இறுக்கிப் பிடித்தன.

"அஞ்சு" என்றது கால்களுக்கு அப்பாலிருந்து ஒரு குரல்.

மின்விசிறியும் கூரையும் பாதங்களும் ஒன்றாகக் கலங்கின. கண்ணீர் கன்னத்துக்கு வராமல் நேராகக் காதுக்குள் இறங்கியது.

அவள் தலையைத் திருப்பவில்லை.

"காலை விடுடி" என்றாள் மெதுவாக. "அஞ்சு மாசத்துல பாரம் தூக்கக் கூடாது."

பிடி தளரவில்லை.

"நீ முதல்ல பத்திரமா இறங்கும்மா. ஒவ்வொரு எலும்பா."