விளக்கறையின் பகல்திரை

தீவு முனையில் நிற்கும் கலங்கரை விளக்கத்தின் உச்சி அறை காலை வெயிலில் தகதகக்கிறது. எத்தனையோ விளக்குக்காரர்கள் வந்து போன அறை. பகலில் வெயிலை மறைக்கும் திரையைப் புதிதாக வந்த விளக்குக்காரரின் மனைவி கழற்றித் துவைத்துவிட்டாள். அது கீழே கொடியில் காற்றடைத்துப் புடைத்து ஆடுகிறது. ஜன்னல் பலகையை மண்டியிட்டுத் தேய்க்கிறாள். பலகை நெடுக மிளகளவில் கருகல் புள்ளிகள். சில, பழைய பெயிண்டுக்கு அடியில் மங்கித் தெரிகின்றன. "முன்னாடி இருந்தவங்களுக்குப் பீடி அணைக்க வேற இடமே கிடைக்கல போல," என்கிறாள். அவர்கள் அவள் வாயில் விழாத நாளில்லை. விளக்கைச் சுற்றியுள்ள பெரிய கண்ணாடி வில்லையைத் துடைத்தபடி கணவர் 'ம்' கொட்டுகிறார். மரம் தீய்கிற வாசனை வருகிறது. வில்லைக்குள் நுழைந்த வெயில் ஒடுங்கி, அவள் தேய்த்து முடித்த இடத்திலேயே பொட்டாக விழுகிறது; நூலாகப் புகை எழுகிறது. அவர் சட்டையைக் கழற்றிக் குறுக்கே விரித்துப் பிடிக்கிறார். அவள் ஈரத்துணியை அமுக்கி எடுக்கிறாள். பழைய வரிசையில் அதே மிளகளவில் இன்னொரு புள்ளி. அதைப் பார்க்கிறாள், கீழே ஆடும் திரையைப் பார்க்கிறாள். "அவங்களும் திரையத் துவைச்சிருக்காங்க," என்கிறாள் மெதுவாக. "சுத்தமான பொம்பளைங்க." சோளக்கொல்லைப் பொம்மைபோல நிற்கும் அவர், "கை வலிக்குது. திரை காஞ்சுதான்னு போய்ப் பாரு," என்கிறார். அவள் எழவில்லை. சூடு ஆறாத புள்ளியை விரலால் தடவியபடி சிரிக்கிறாள். "அடுத்து வர்றவ உங்களத்தாங்க பீடிக்காரர்னு திட்டப்போறா."