அன்னாசி ஓட்டம்

"வந்த வழியே திரும்பிப் போறதா? கல்யாணக் காருடா இது! திரும்பினா பொண்ணும் ஒருநாள் பொறந்த வீட்டுக்கே திரும்பிடுவா. இதுகூடத் தெரியாம தைவான்ல எப்படிப் பொறந்தே நீ?"

ஆ-சாய் அத்தை காரிலிருந்து இறங்கி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு கத்தினாள். ஊரில் பாதிக் கல்யாணம் அவள் பேசி முடித்தது. கொண்டையில் செருகியிருந்த சிவப்புப் பூ கோபத்தில் ஆடியது.

ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டு, கையில் கொடி பிடித்திருந்த இளைஞன் அசையவில்லை. அவனுக்குப் பின்னால் சாலையை அடைத்து மஞ்சள் தடுப்பு. விளக்குக் கம்பங்களில் எல்லாம் ஊரில் நடக்கும் அன்னாசி ஓட்டப் பந்தயத்தின் கொடிகள் படபடத்தன.

"ரூல்னா ரூல்தான் அத்தை. ஓட்டம் முடிஞ்சு ரோடு திறக்க மத்தியானம் ஆகும்."

"மத்தியானமா? பதினோரு மணிக்குள்ள பொண்ணு மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்கணும்!"

அத்தை முடித்துவைத்த கல்யாணம் எதுவும் இதுவரை நேரம் தப்பியதில்லை. இன்று தப்பினால் நாளை சந்தையில் தலைகாட்ட முடியாது. எதிர்த்தெருக் கல்யாணத் தரகி சிரித்தே சாவாள்.

"ஓடறவன் ஒருத்தனையும் காணோமே. ஈ காக்கா இல்ல."

"எல்லாரும் குன்று மேல இருக்காங்க. திமுதிமுன்னு இறங்குவாங்க. கல்யாணத்தன்னிக்கு இந்தக் கார் ஒருத்தனை இடிச்சு ரத்தம் பாக்கணுமா?"

"தூ தூ! வாயைக் கழுவு!"

அத்தை காருக்குள் எட்டிப் பார்த்தாள். மணப்பெண் யூ-ஹான் காலையிலிருந்து ஓயாமல் அழுதவள். பெண் அழுதால் வீட்டுக்கு நல்லது என்று அத்தையும் தடுக்கவில்லை. இப்போது நல்லவேளையாக அழுகை நின்றிருந்தது. மாப்பிள்ளை கோ-ஹாவ் கீழே இறங்கி, கைக்குட்டையால் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பின்னால் நின்ற சொந்தக்காரர்களின் கார்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தன.

"தம்பி, நடந்து போனா விடுவியா?"

"தாராளமா."

"அந்தப் பக்கம் நிக்கற ஸ்கூட்டர்?"

"என்னுதுதான்."

அத்தையின் முகம் மலர்ந்தது. "அப்ப பொண்ணை ஏத்திக்கிட்டு ஓரமாவே போய் மாப்பிள்ளை வீட்டுல விட்டுடு. அஞ்சு நிமிஷ வேலை."

"ஐயையோ! டியூட்டியை விட்டுட்டு எப்படி அத்தை?"

"ஒரு பொண்ணோட வாழ்க்கையைவிட டியூட்டி பெருசா? கொடியைக் குடு. தடுப்பை நான் பாத்துக்கறேன்."

அவன் தலையைச் சொறிந்தான். "உங்க பேச்சைத் தட்ட முடியல. சரி, வரச் சொல்லுங்க."

"மாப்பிள்ளை, நீயும் கூட நடந்தே போயிடறியாப்பா?"

"புதுக் காரை நடுரோட்டுல விட்டுட்டா? அவ முன்னாடி போகட்டும் அத்தை."

வெளியே வரும் மணப்பெண்ணின் தலைக்கு மேல், கெட்டது அண்டாமல் மூங்கில் சல்லடை பிடிக்க வேண்டும். ஸ்கூட்டரில் அதற்கு எங்கே போவது? இளைஞன் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன ஹெல்மெட்டை எடுத்தான். அது யூ-ஹான் தலையில் அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. எல்லாம் தெய்வச் செயல் என்று அத்தை கும்பிட்டாள்.

அத்தனை கனமான கவுனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு யூ-ஹான் ஓடி ஏறினாள். புகுந்த வீட்டின் மேல் பெண்ணுக்கு இவ்வளவு ஆசையா என்று அத்தைக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஸ்கூட்டர் வளைவில் மறைந்தது.

அதன்பிறகு அத்தையைக் கையில் பிடிக்க முடியவில்லை. தடுப்பின் முன் கொடியோடு நின்று, காய்கறி லாரியைத் திருப்பி அனுப்பினாள். தபால்காரரிடம், "ரூல்னா ரூல்தான்!" என்று சீறினாள்.

ஹாரன் சத்தம் கேட்டு ஒரு போலீஸ்காரர் பைக்கில் வந்து நின்றார்.

"என்னம்மா பண்றீங்க இங்க?"

"ஓட்டக்காரங்களுக்காக நிக்கறேன் சார். அவங்க வந்து போறவரைக்கும் நீங்களே கேட்டாலும் வண்டி விடமாட்டேன்!"

போலீஸ்காரர் அவளையும் தடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓட்டம் அடுத்த ஞாயித்துக்கிழமைம்மா. அதுக்காக எங்க ஸ்டேஷன் வாசல்ல வச்சிருந்த தடுப்பு இது. யாரு தூக்கிட்டு வந்தா?"