குழாயில் இருந்த பெயர்

மேகலாவின் மாமனார் உடலை எடுக்கும் முன்பே அவள் கணவன் தனசேகரன் தண்ணீர் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டான். வாசல் குழாயின் சிறு திரையிலிருந்து அவருடைய பெயர் மறைந்ததை மேகலா பார்த்தாள். பெயரைத் தொட்டால்தான் அவரவர் பங்குத் தண்ணீர் வரும். இறந்தவரின் பெயரை அன்றே நீக்கச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஆனால் அந்தத் தெருவில் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை யாரும் வாயைத் திறப்பதில்லை.

"ஏன்டா, சுடுகாட்டுக்குப் போயிட்டு வர்றவங்க எதுல குளிப்பாங்க? அப்பா தண்ணிய ஒரு நாள் எடுத்தா குடியா முழுகிடும்?" என்று நாத்தனார் புவனா கத்தினாள்.

"அப்பாதான் இல்லையேக்கா. என் பங்குல குளிக்கட்டும்" என்றான் தனசேகரன். கல்நெஞ்சக்காரன் என்று மேகலாவே மனதுக்குள் திட்டினாள்.

மாலையில் எல்லோரும் குளித்துவிட்டு உள்ளே போனார்கள். அவனுடைய பங்கு தீர்ந்துவிட்டது. மொட்டைத் தலையோடு, குளிக்காமல் வீட்டுக்குள் வர முடியாமல், அவன் மட்டும் வாசலில் நின்றான். யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஒரே மாதிரி இருக்கிற மனுஷனைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று மேகலாவுக்குக் கோபம் போய்ப் பெருமை பொங்கியது. தன் பெயரைத் தொட்டு வாளியை நிரப்பினாள்.

"குனிங்க. இது என் பங்குதான். சந்தேகம்னா திரையைப் பார்த்துக்கங்க."

அவன் நிஜமாகவே எட்டிப் பார்த்தான். அவள் பெயருக்கு மேலே, அப்பாவின் பெயர் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அப்போதுதான் அவன் உடைந்து அழுதான். அந்த அழுகை உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காதபடி, மேகலா சொம்பு சொம்பாக அவன் தலையில் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.